வெண்ணெயும் வெர்ஹாகனும்

பர்லி, சர்ரே
12 மார்ச் 1962

அன்புள்ள எனிட்,

நீ பிரஸ்ஸல்ஸ் சென்று சேர்ந்ததைத் தெரிவிக்கும் அஞ்சலட்டை கிடைத்தது. அறையில் கணப்பு உண்டா என்று நீ புறப்படும் முன்பே கேட்டிருந்தேன். அட்டையில் அதற்கு விடை இல்லை.

நம்முடைய நிலையை எழுத்தில் தெளிவாக்கிக்கொள்வது நல்லதென்று கருதுகிறேன். பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர வேண்டும் என்று நான் ஒருபோதும் வாதிட்டதில்லை. சேரக் கூடாது என்றும் வாதிட்டதில்லை. அது அரசு ஊழியனின் வேலை அன்று. வேளாண் அமைச்சகத்தில் என் வேலை வெண்ணெய். நாம் சேர்ந்தால் நியூசிலாந்து வெண்ணெயின் கதி என்ன, அதற்குச் சந்தையின் ஆறு நாடுகளிடமும் என்ன காப்புறுதி கேட்பது என்ற குறிப்பை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை எழுதியவன் நான். அதைக் கையில் எடுத்துக்கொண்டு அங்கே வந்திருப்பவர் பென்ரோஸ். பசுவுக்கு எந்தப் பக்கம் பால் கறப்பது என்பதைப் படம் பார்த்துத்தான் சொல்வார். பிரெஞ்சு தெரியும் என்பது அவருடைய தகுதி. உன்னைத் தூதுக்குழுவுக்கு மொழிபெயர்ப்பாளராக அழைத்ததும் அதே தகுதிக்காகத்தான். இந்த வீட்டிலிருந்து ஒருவரை அழைப்பதானால் தவறான ஆளை அழைத்துவிட்டார்கள் என்ற எண்ணம் விக்டோரியா நிலையத்தில் உன் பெட்டியை ஏற்றியபோது எனக்குத் தோன்றியது. மறைப்பது நேர்மையாகாது.

தொலைபேசியில் பேசியபோது, பக்கத்து மேசையில் வெர்ஹாகன் என்றொருவர் இருப்பதாகவும் அவர் உன்னைச் சிரிக்க வைப்பதாகவும் சொன்னாய். அவருடைய பதவி, வயது, மணமானவரா என்ற விவரங்களை எழுதவும். தகவலுக்காக மட்டுமே கேட்கிறேன்.

அன்புடன்,
வில்ஃப்ரெட்


பிரஸ்ஸல்ஸ்
21 மார்ச் 1962

என் வில்ஃப்,

கேட்ட வரிசையிலேயே பதில்: கணப்பு உண்டு. பேச்சுவார்த்தைச் செயலகத்தின் மூத்த மொழிபெயர்ப்பாளர். ஐம்பதுக்கு மேல் இருக்கும். மனைவி இறந்துவிட்டார். போதுமா, அல்லது மூன்று பிரதிகள் வேண்டுமா?

நீ இங்கே இருந்திருக்க வேண்டும். கேலியாகச் சொல்லவில்லை. நேற்று கிரிக்கெட் மட்டைக்கு இறக்குமதி வரி போடலாமா என்று விவாதம். இந்தியாவுக்காக நம்மவர்கள் விலக்குக் கேட்கிறார்கள். கிரிக்கெட்டைக் கண்ணால் கண்டிராத ஆறு நாடுகள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தன. தாளை மொழிபெயர்க்கும்போது வெர்ஹாகன் என் பக்கம் சாய்ந்தார்.

“மேடம், இது என்ன சாமான்? அடுப்புலேர்ந்து ரொட்டி எடுக்குற துடுப்பா?”

“விளையாடுறது.”

“எவ்வளவு நேரம் விளையாடுவாங்க?”

“அஞ்சு நாள்.”

“அஞ்சு நாளா! அப்புறம் யார் ஜெயிப்பாங்க?”

“பெரும்பாலும் யாருமே ஜெயிக்க மாட்டாங்க.”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “இப்பதான் மேடம், உங்க அரசாங்கம் பேச்சுவார்த்தை நடத்துற விதமே எனக்குப் புரியுது.”

முதல் வாரமே அவர் எங்கள் எல்லாரையும் உட்கார வைத்துப் ‘பொய் நண்பர்’களைப் பற்றி எச்சரித்தார். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஒரே முகத்தோடு திரிந்து, வேறு வேறு பொருள் தரும் சொற்களுக்கு எங்கள் தொழிலில் அந்தப் பெயர். பிரெஞ்சில் ‘திமாந்தே’ என்றால் வெறுமனே கேட்பது. நம் காதில் அது ‘டிமாண்ட்’ என்று விழுகிறது. பிரான்ஸ் பணிவாக ஒரு விளக்கம் கேட்டிருக்க, பென்ரோஸ் முகம் சிவந்து, “என்ன, மிரட்டிப் பாக்குறாங்களா?” என்று எழுந்தே விட்டார்.

ஒரே ஒரு துரோகம் செய்துவிட்டேன். இங்கே வெண்ணெய் நம் வெண்ணெயைவிட நன்றாக இருக்கிறது.

எனிட்


பர்லி
12 ஜூன் 1962

அன்புள்ள எனிட்,

வெண்ணெயின் சுவை அகநிலை சார்ந்தது. அதன் கொழுப்பு விகிதமும் ஈரப்பதமும் அவ்வாறல்ல. இதை முன்பே எழுதினேன். நீ பதில் சொல்லவில்லை.

ஞாயிறன்று வேலிப் புதரைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக் கார்போல்ட் புகைக்குழாயும் கையுமாக வந்து நின்றார்.

“என்ன ஹெஸ்கத், வீட்டம்மா இன்னும் அந்தப் பக்கம்தானா?”

“பணி நிமித்தம்.”

“நாடு சேருதோ இல்லையோ, உங்க வீட்டுல பாதி சேர்ந்தாச்சுன்னு சொல்லுங்க!”

அவர் மனைவி சமையலறைச் சன்னலில் நின்று சிரித்தாள். வேலியின் உயரம் குறித்த நகராட்சி விதியை அவருக்கு நினைவூட்டிவிட்டு உள்ளே வந்தேன். மீதி வேலி கத்தரிக்கப்படாமல் நிற்கிறது.

உன் கடிதங்களை மறுபடி படித்தேன். ‘வெர்ஹாகன் சொல்கிறார்’ என்ற தொடர் எல்லாவற்றிலும் வருகிறது. என் பெயர் உறையின் மேல் வருகிறது. ஏப்ரலில் அவரோடும் மற்றவர்களோடும் போய்ச் சிப்பி சாப்பிட்டதாக எழுதியிருந்தாய். நமக்கு மணமாகி இருபது ஆண்டுகள். இத்தனை காலத்தில் எனக்குச் சிப்பி வேண்டும் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. சிப்பியைக் குறித்து எனக்கு வழக்கில்லை. என்னிடம் கேட்கத் தோன்றாத எதையெல்லாம் நீ அங்கே கேட்கிறாய் என்பதே என் வினா. அவர் எப்படிச் சிரிப்பார்? உயரமானவரா? அவர் கண்ணின் நிறம் என்ன? இவை அற்பமான கேள்விகள் என்பதை அறிவேன். அறிந்தும் கேட்கிறேன்.

ஜூலையில் உன்னை வந்து பார்க்கச் சித்தமாயிருக்கிறேன். ஆங்கில முறைக் காலை உணவு தரும் விடுதியாக இருக்க வேண்டும். மாலைப்பொழுதுகள் நம் இருவருக்கு மட்டும் ஒதுக்கப்பட வேண்டும். நான் இருக்கும் நாட்களில் அலுவலகத்தாரோடு உணவருந்துவது என் முன்னொப்புதலுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். எவரும் என் எதிரே பிரெஞ்சில் பேசலாகாது. இவற்றை நீ எழுத்தில் ஏற்றுக்கொண்டதும் பயணச்சீட்டு வாங்குவேன்.

வில்ஃப்ரெட்


பிரஸ்ஸல்ஸ்
19 ஜூன் 1962

வில்ஃப்,

உன் விண்ணப்பம் கிடைத்தது. நாள் முழுதும் உன் அரசாங்கத்தின் நிபந்தனைகளை மொழிபெயர்த்துவிட்டு அறைக்கு வந்தேன். கதவடியில் உன்னுடையவை கிடந்தன. நடை கூட ஒன்றே. ‘மனப்பூர்வமாகச் சேர விரும்புகிறோம்; ஆனால் எங்களுக்காக நீங்கள் எல்லாரும் மாறிக்கொள்ள வேண்டும்.’

எவரும் உன் எதிரே பிரெஞ்சில் பேசக் கூடாதா? இது பெல்ஜியம், வில்ஃப். ரொட்டிக் கடைக்காரியை நான் என்ன செய்வது?

நீ வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன். சிப்பிக்கடையை உனக்குக் காட்ட வேண்டும் என்றுதான் அதைப் பற்றி எழுதினேன். எதையும் ஏற்றுக் கையெழுத்திட மாட்டேன். ஆகஸ்டில் விடுப்பு, நானே வருகிறேன்.

எனிட்


பிரஸ்ஸல்ஸ்
18 நவம்பர் 1962

அன்புள்ள வில்ஃப்,

ஆகஸ்டில் நடந்ததைப் பற்றி நாம் இருவருமே எழுதவில்லை. நான் குளித்துவிட்டு இறங்கி வந்தபோது, நீ கூடத்தில் என் கோட்டுப் பையிலிருந்த டிராம் சீட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். எந்த நிறுத்தம் என்று படித்தாய். நான் மாடிப்படியில் நின்று பார்த்தேன். திரும்ப மேலே போய், இரண்டாம் முறை சத்தம் போட்டு இறங்கி வந்தேன். உன்னை வெட்கப்படுத்த மனம் வரவில்லை. இப்போது நினைத்தால், வெட்கப்படுத்தியிருக்கலாம்.

இங்கே பேச்சு நகரவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், நம்மவர்கள் தாள்களைப் பார்க்கிறார்கள். நான் ஆங்கிலத்தில் கனவு காண்பதை விட்டுவிட்டேன். கடைக்காரனிடம் மட்டுமல்ல, என்னிடமே பிரெஞ்சில் பேசிக்கொள்கிறேன்.

ஒரு செய்தி. இங்குள்ள மொழிபெயர்ப்புப் பள்ளி ஈஸ்டர்வரை பாடம் நடத்த வரமுடியுமா என்று கேட்டிருக்கிறது. பேச்சு முறிந்தால் நான் ஈவென்சுவலி இங்கேயே தங்குவேன். கிறிஸ்துமஸுக்கு வரும்போது அதைப் பற்றிப் பேசுவோம். உனக்கு அந்தச் சிவப்புப் பொதி சாக்லேட் வாங்கி வைத்திருக்கிறேன்.

எனிட்


பர்லி
26 நவம்பர் 1962

திருமதி ஹெஸ்கத் அவர்களுக்கு,

தங்களுடைய 18ஆம் தேதியிட்ட கடிதம் கிடைத்தது.

பேச்சு முறிந்தால் ‘ஈவென்சுவலி’ அங்கேயே தங்குவதாகத் தெரிவித்திருக்கிறீர்கள். அச்சொல்லின் பொருளில் ஐயத்துக்கு இடமில்லை. ‘இறுதியில்’ என்பது அதன் பொருள். எடுத்த முடிவை மாற்றும் எண்ணமின்றி, காலத்தை மட்டும் தள்ளிவைப்பவர்கள் பயன்படுத்தும் சொல் அது. மொழியையே தொழிலாகக் கொண்ட ஒருவர் அதைக் கவனமின்றி எழுதியிருக்க முடியாது. கிறிஸ்துமஸில் ‘பேசுவோம்’ என்பது, முடிந்துவிட்ட ஒன்றை எனக்கு அறிவிப்பதற்கான மரியாதை என்று விளங்கிக்கொள்கிறேன். பள்ளிக்கூடம் ஒரு கட்டடம். கட்டடத்துக்காக எவரும் கணவனை விடுவதில்லை. அந்தக் கட்டடத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது. அது வெர்ஹாகன்; பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்துக்காரர் என்று பென்ரோஸிடம் விசாரித்து அறிந்தேன்.

கிறிஸ்துமஸுக்குத் தாங்கள் வர வேண்டியதில்லை. தங்கள் குளிர்கால உடைகளைத் தனி அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன்.

வி. ஆர். ஹெஸ்கத்


பிரஸ்ஸல்ஸ்
4 டிசம்பர் 1962

வில்ஃப்ரெட்,

வரவில்லை.

உடைகள் வந்தன. கம்பளிகளுக்கு நடுவே பூச்சி உருண்டை வைத்து, கச்சிதமாக மடித்திருக்கிறாய். இப்படி ஒருவரை வெளியே அனுப்ப உன்னால் மட்டுமே முடியும்.

என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். பென்ரோஸிடம் கேட்டிருக்கிறாய். அவர் உணவு மேசையில், எல்லார் காதிலும் விழும்படி, “எனிட், உங்க வீட்டுக்காரர் என்னை ஒற்றனா சேத்துக்கிட்டார் தெரியுமா?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வெர்ஹாகன் சிரிக்கவில்லை.

எனிட்


பர்லி
10 ஜனவரி 1963

அன்புள்ள எனிட்,

இதை நீ கிழிக்காமல் படிக்க வேண்டும் என்று கோருகிறேன். கோரிக்கைதான்; உரிமை இல்லை.

நேற்று எங்கள் குழு கூடியது. வெளியே பனி, உள்ளே கணப்பு அணைந்துவிட்டது. எல்லாரும் கோட்டோடு அமர்ந்திருந்தோம். வெண்ணெய் பற்றிப் பிரஸ்ஸல்ஸிலிருந்து வந்த பிரெஞ்சு வரைவை நானே மொழிபெயர்த்து முன்வைத்தேன். உனக்குத் தெரியாத ஒன்று: அக்டோபர் முதல் குரோய்டனில் மாலை வகுப்பில் பிரெஞ்சு படிக்கிறேன். வெர்ஹாகன் உன்னோடு பேசும் மொழியில் நானும் பேச வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணமில்லை. நியூசிலாந்துக்கான ஏற்பாடு ‘எவாந்துயெல்மான்’ நீட்டிக்கப்படும் என்று வரைவு சொன்னது. நம் ‘ஈவென்சுவலி’யின் அதே முகம். ‘இறுதியில் நீட்டிக்கப்படும்’ என்று எழுதினேன். வென்றுவிட்டோம் என்றும் அடியில் ஒரு குறிப்புச் சேர்த்தேன். துணைச் செயலர் லாங்ஸ்டாஃப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“ஹெஸ்கத், இதை மொழிபெயர்த்தது யாரு?”

“நான்தான் சார்.”

“நெனச்சேன். ‘ஒருவேளை நீட்டிக்கப்படலாம்’னு இல்ல அவங்க சொல்றாங்க? நேர்ந்தா பாக்கலாம்னு அர்த்தம். நேராவே போனாலும் போகலாம். அமைச்சர் இதை நாடாளுமன்றத்துல படிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்? உங்க வீட்டம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”

மேசை முழுதும் சிரித்தது. வேறொரு நாளாக இருந்தால், அந்த அறையில்கூட உன் பெயர் எனக்கு மேலே உட்கார்ந்திருப்பதற்காக எரிந்திருப்பேன். நேற்று எனக்குச் சிரிப்பே கேட்கவில்லை. உன் நவம்பர்க் கடிதத்தின் அந்த ஒரு வரி மட்டும் கண் முன்னே நின்றது. நீ ஆங்கிலத்தில் கனவு காண்பதை விட்டுவிட்டதாக அதற்கு முந்தைய பத்தியிலேயே எழுதியிருந்தாய். நான் அதைப் படித்தேன், பொறாமையோடு படித்தேன், அதனால் படிக்கவில்லை.

நீ ‘ஒருவேளை தங்குவேன்’ என்று எழுதினாய். நான் ‘இறுதியில் தங்குவேன்’ என்று படித்தேன். அப்படித்தானா? அப்படியென்றால், நீ கேட்ட ஒரு கேள்விக்கு நான் தண்டனைத் தீர்ப்பு அனுப்பியிருக்கிறேன்.

வீட்டுக்கு வா, எனிட். நிபந்தனை எதுவும் எழுதவில்லை. எழுத வந்த ஒன்றை அடித்துவிட்டேன்.

வில்ஃப்


பிரஸ்ஸல்ஸ்
30 ஜனவரி 1963

வில்ஃப்,

உன் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தேன். கிழிக்கவில்லை.

இங்கே எல்லாம் முடிந்தது. பிரெஞ்சு அதிபர் பத்திரிகையாளர்களிடம் சொன்னதை நீயும் படித்திருப்பாய்: இங்கிலாந்து ஒரு தீவு, கடலைப் பார்த்து வாழ்வது, இன்னும் தயாராகவில்லை. நேற்று அதை அதிகாரப்பூர்வமாக முடித்தார்கள். ஐந்து நாடுகள் வேண்டும் என்றன. வேண்டாம் என்று சொல்ல ஒன்று போதுமாயிற்று. மொழிபெயர்ப்பாளர்கள் சிலர் அழுதோம். செய்தியாளர் ஒருவர் என்னைப் படம்கூட எடுத்தார். ஐரோப்பாவுக்காக அழுகிறேன் என்று அவர் நினைத்திருப்பார்.

ஆம், அந்தச் சொல் அப்படித்தான். பிரெஞ்சில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன். முதல் வாரமே எச்சரிக்கப்பட்ட பிழை. என் பங்கு அது; டிசம்பரில் கோபத்தில் அதைத் திருத்தாமல் விட்டதும் என் பங்கே. ஆனால் ஒன்று சொல்கிறேன். ‘ஒருவேளை’ என்று நீ சரியாகப் படித்திருந்தாலும் அதே கடிதத்தைத்தான் எழுதியிருப்பாய். ஒரு வாரம் கழித்து எழுதியிருப்பாய், அவ்வளவுதான்.

இனி வருவதை உட்கார்ந்து படி.

உன் ஜூன் கடிதம் வரும்வரை வெர்ஹாகன் எனக்குப் பக்கத்து மேசை. அந்த மேசையில் நல்ல அகராதிகள் இருந்தன. நல்ல நகைச்சுவையும் இருந்தது. அவ்வளவே. நீ கேட்டாய்: எப்படிச் சிரிப்பார்? உயரமா? கண்ணின் நிறம் என்ன? உனக்குப் பதில் எழுதலாமென்று நிமிர்ந்து பார்த்தேன். அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தேன், வில்ஃப். சாம்பல் நிறம். அதற்குப் பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் நீ அவரை என் எதிரே கொண்டுவந்து உட்கார வைத்தாய். நான் விரும்பத் தொடங்கியிருந்தால், அறிமுகம் செய்துவைத்தவன் நீ.

கிறிஸ்துமஸ் அன்று எனக்குப் போக இடமில்லை. கெண்ட் நகரில் அவருடைய அக்காள் வீட்டில் சாப்பிட்டேன். அந்த அம்மாள் உன்னைப் பற்றி விசாரித்தார். வெண்ணெயில் பெரிய நிபுணர் என்றேன். போன ஞாயிறு பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது வெர்ஹாகன் சொன்னார்: “எனிட், வேலை முடிஞ்சாலும் இங்கேயே இருந்துடுங்களேன். பள்ளிக்கூடத்துக்காகச் சொல்லல.”

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. ஒரு விதிகூட வைக்கவில்லை. அது எனக்கு இதமாக இருந்தது. அதனாலேயே பயமாகவும் இருந்தது. நான் ஆம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பிப்ரவரி பத்தாம் தேதி ஞாயிறு பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

உன்னிடம் மறைத்துவிட்டுப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அதனால் எழுதுகிறேன். நீ எனக்கு எழுதாதே. நீ மிக நன்றாக எழுதுகிறாய். நாம் இந்த நிலைக்கு வந்ததே அதனால்தான்.

எனிட்


டோவர், துறைமுக நிலையம்
8 பிப்ரவரி 1963

எனிட்,

எழுதாதே என்றாய். அந்த விதியை மீறவில்லை. இதை அஞ்சலில் சேர்க்கப் போவதில்லை. கையில் கொண்டுவருகிறேன். நீ வாங்க மறுத்தால் வாசிக்க மாட்டேன். திருப்பிப் பையில் போட்டுக்கொள்வேன்.

பனியால் ரயில் தாமதம், அதனால் கப்பலும் தாமதம். அமைச்சகத்தில் விடுப்புக் கேட்டேன். லாங்ஸ்டாஃப், “எதுக்கு?” என்றார். “வீட்டு விஷயம்” என்றேன். வெண்ணெய்க் கோப்பை என் மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். இப்போது அதை யாருமே கேட்கவில்லை.

மனம் திருந்தி வருகிறேன் என்று எண்ணிவிடாதே. கிறிஸ்துமஸ் அன்று அவர் அக்காள் வீட்டு மேசையில் என்ன பரிமாறினார்கள், நீ எந்த உடை அணிந்திருந்தாய், நான் அனுப்பிய கம்பளியா என்று ரயில் நெடுகிலும் எண்ணிக்கொண்டே வந்தேன். அந்தச் சாம்பல் நிறத்தைச் சகிக்க முடியவில்லை. ஒஸ்டெண்ட் துறைமுகச் சுங்கத்தில் அறிவிக்க வேண்டிய பொருள் என்னிடம் இந்தப் பொறாமை ஒன்றுதான். அதைக் கரையில் இறக்கி வைத்துவிட்டு வர முயன்றேன், முடியவில்லை. ஆனால் இந்த முறை அதை உனக்குக் கேள்விகளாக அனுப்பப் போவதில்லை. நானே சுமந்து வருகிறேன்.

நீ அவரிடம் ஆம் என்று சொல்ல முடிவு செய்திருந்தால், என் எதிரே சொல். எந்த மொழியில் வேண்டுமானாலும் சொல்.

இங்கே தேநீர்க் கூடத்தில் நானும் இரண்டு லாரி ஓட்டுநர்களும் மட்டுமே இருக்கிறோம். கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்மணி என் பெட்டியைப் பார்த்தார்.

“எந்த ஊருக்குங்க?”

“பிரஸ்ஸல்ஸ்.”

“அட, என்னங்க நீங்க! அவங்கதான் நம்மள வேணாம்னுட்டாங்களே, பேப்பர் பாக்கலையா?”

“பாத்தேன்.”

“அப்புறம் எதுக்குப் போறீங்க?”

“என் விஷயத்துல இன்னும் முடிவு சொல்லலைங்க.”

 அவர் நான் கேட்காமலே இரண்டாவது கோப்பையை நிரப்பி, என் பக்கம் நகர்த்தினார்.

“சூடா குடிச்சிட்டுப் போங்க. கடல்ல காத்து பலமா இருக்கு.”

வில்ஃப்